ஒரு டம்ளர் கஞ்சியில் 70 கலோரி

தமிழ்நாட்டில் கதிர்வீச்சு சிகிச்சையை அந்தப் பெயரால் சொல்பவர்கள் குறைவு. ‘கரண்ட் வைக்கிறாங்க’ என்பார்கள். மருத்துவமனை பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு குடும்பங்கள் பேச ஆரம்பித்தால் முதல் கேள்வி, ‘எத்தனை கரண்ட் சொல்லியிருக்காங்க?’ அடுத்த கேள்வி, ‘எத்தனை முடிஞ்சிருக்கு?’ முப்பத்தைந்து, பதினாறு என்று பதில் உடனே வரும். ‘எடை எவ்வளவு குறைஞ்சிருக்கு?’ என்று மூன்றாவதாக ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ‘சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆயிருச்சு’ என்பார்கள். எண் வராது.

அந்த எண்ணைத் தேடுவதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. 2022இல் இந்தியாவில் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்கள் சுமார் 14 லட்சம் பேர் என்பது சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு. அதில் உதடு, வாய்ப் புற்று மட்டும் 1.4 லட்சத்துக்கு மேல். தொண்டைப் புற்று தனி. கதிர்வீச்சின்போது எடை அதிகம் இறங்குவது இவர்களுக்குத்தான். மார்பகத்துக்குக் கதிர் வைக்கும்போது சாப்பாடு பெரும்பாலும் பாதிப்பதில்லை. கருப்பை வாய்ப் புற்றில் தொல்லை வயிற்றுப்போக்காக வரும். வாய், தொண்டையில் மட்டும் கதிர் போகும் வழியும் சோறு போகும் வழியும் ஒன்று.

கணக்குக்காக ஒருவரை வைத்துக்கொள்வோம். வயது 52, எடை 55 கிலோ, தொண்டையில் புற்று, 35 கரண்ட். இவர் கற்பனை ஆள். ஆனால் இவர் தட்டில் இருப்பது எந்த வார்டிலும் பார்க்கக் கூடியது.

மெஷின் தருவது

கதிர்வீச்சை அளக்கும் அலகு கிரே. ஒரு கிலோ சதையில் ஒரு ஜூல் ஆற்றல் இறங்கினால் அது ஒரு கிரே. அறுவை செய்யாமல் கதிரையே முழுச் சிகிச்சையாகத் தரும்போது வழக்கமான அளவு: நாளுக்கு 2 கிரே, வாரத்துக்கு 5 நாள், 7 வாரம். 2 × 35 = 70 கிரே. அறுவைக்குப் பிறகு என்றால் பெரும்பாலும் 60 முதல் 66 கிரே.

ஒரு கிலோவுக்கு 70 ஜூல் என்பது எவ்வளவு? உணவுக் கணக்கில் நாம் கலோரி என்று சொல்வது கிலோ கலோரியை. ஒன்றுக்கு 4,184 ஜூல். 70 ஜூலை 4,184ஆல் வகுத்தால் 0.017 கலோரி. ஒரு பருக்கை அரிசியின் எடை சுமார் 20 மில்லி கிராம், அதில் 0.07 கலோரி இருக்கிறது. அதாவது ஏழு வாரக் கதிரும் சேர்ந்து ஒரு கிலோ சதையில் இறக்குவது கால் பருக்கை அரிசியின் ஆற்றல். சூடு என்று பார்த்தால் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு.

அந்தக் கால் பருக்கை நேராகப் போய் விழுவது செல்லின் மரபணு இழையில். புற்றுச் செல்லின் இழை அறுகிறது; பக்கத்தில் இருக்கும் நல்ல தோலின் இழையும் அறுகிறது. நல்ல தோல் தன்னைத் தானே தைத்துக்கொள்ளும். தைப்பதற்கு நூலும் கூலியும் சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். உடைக்கக் கால் பருக்கை போதும். ஒட்ட வைக்க அண்டாச் சோறு வேண்டும்.

வாயின் நாட்காட்டி

வாயின் உள்தோல் சுமார் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முழுதாகப் புதுப்பிக்கப்படுகிறது. பழையது உதிரும்போது புதியது தயாராக இல்லாமல் போவதால்தான் புண் வருகிறது. அதனால் முதல் வாரம் யாருக்கும் எதுவும் தெரியாது. ‘ஒண்ணும் பண்ணலையே, நல்லாத்தான் சாப்பிடுறார்’ என்று வீட்டுக்குப் போன் போகும்.

10ஆவது கரண்டில், 20 கிரே சேர்ந்திருக்கும்போது, ருசி மாறும். சாம்பார் மண்ணாகத் தோன்றும். காரம் மட்டும் உறைக்கும். 15ஆவது கரண்டில், 30 கிரேயில், வெள்ளைத் திட்டுகளோடு புண் தெரியும். 25ஆவதைத் தாண்டினால் எச்சில் விழுங்குவதே வேலையாகிவிடும். 35ஆவது முடிந்த அன்று சிகிச்சை முடிந்துவிடும். ஆனால் புண் அன்றோடு நிற்காது. பெரும்பாலானவர்களுக்கு அடுத்த இரண்டு வாரம்தான் உச்சம். சிகிச்சை 7 வாரம் என்றால் சாப்பாட்டுக் கணக்கு குறைந்தது 9 வாரம்.

எச்சிலும் வற்றுகிறது. நல்ல உடலில் நாளுக்கு அரை முதல் ஒன்றரை லிட்டர் எச்சில் ஊறும். காதுக்கு முன்னால் இருக்கும் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் கதிரால் மிக எளிதில் பாதிக்கப்படுபவை. அவற்றை ஒதுக்கிக் கதிர் வைக்கும் புதிய முறையைப் பழைய முறையோடு ஒப்பிட்ட பிரிட்டன் ஆய்வு 2011இல் வெளிவந்தது. ஓராண்டு கழித்து, தொல்லை தரும் அளவுக்கு வாய் வறட்சி பழைய முறையில் 74 சதவீதம் பேருக்கு. புதிய முறையில் 38 சதவீதம். பாதியாகக் குறைந்தது பெரிய விஷயம்தான். அப்படியும் பத்தில் நான்கு பேர் சோற்றைத் தண்ணீர் விட்டுத்தான் இறக்க வேண்டியிருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் வாய்ப்புண்ணுக்கு 0 முதல் 4 வரை தரம் பிரித்திருக்கிறது. 2 என்றால் புண் இருக்கிறது, கெட்டியாகச் சாப்பிட முடிகிறது. 3 என்றால் குடிக்க மட்டுமே முடிகிறது. 4 என்றால் வாய் வழியாக எதுவும் முடியாது. கவனித்துப் பாருங்கள்: புண்ணின் ஆழத்தைவிட, தட்டில் மிச்சம் இருப்பதை வைத்துத்தான் அளக்கிறார்கள்.

தேவை எவ்வளவு?

புற்றுநோயாளிகளுக்கான ஐரோப்பிய ஊட்டச்சத்து வழிகாட்டி சொல்வது: நாளொன்றுக்கு, எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 25 முதல் 30 கலோரி, புரதம் 1 கிராமுக்கு மேல், முடிந்தால் 1.5 கிராம் வரை. நல்ல உடலுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பரிந்துரைத்த புரதம் கிலோவுக்கு 0.83 கிராம்.

நம் 55 கிலோ ஆளுக்கு மேல் வரம்பை எடுத்துக்கொண்டால் 1,650 கலோரி. புரதம் கிலோவுக்கு 1.2 கிராம் என்று வைத்தால் 66 கிராம். நோய் வருவதற்கு முன் அவருக்குத் தேவைப்பட்டது 46 கிராம். வாய் மூடும் நேரத்தில் தேவை ஒன்றரை மடங்கு ஆகிறது.

வருவது எவ்வளவு?

நான்காவது வாரத்தில் ஒரு நாள். வீட்டில் அன்புக்கும் அக்கறைக்கும் குறைவில்லை. ஆறு முறை கொடுத்திருக்கிறார்கள்.

காலை: நீர்க்கஞ்சி 1 டம்ளர் — 70 கலோரி, புரதம் 1.5 கிராம்
11 மணி: இளநீர் — 45 கலோரி, 1 கிராம்
மதியம்: குழைத்த ரசம் சாதம், பாதி வைத்தது — 175 கலோரி, 4 கிராம்
4 மணி: அரை டம்ளர் டீ — 85 கலோரி, 2.5 கிராம்
6 மணி: மறுபடி நீர்க்கஞ்சி — 70 கலோரி, 1.5 கிராம்
இரவு: பாலில் ஊறிய 1 இட்லி — 150 கலோரி, 6.5 கிராம்

கூட்டினால் 595 கலோரி, புரதம் 17 கிராம். தேவையில் கலோரி 36 சதவீதம். புரதம் கால் பங்கு. ஆறு முறை கொடுத்தும் ஒன்றரை வேளைச் சாப்பாடுகூட உள்ளே போகவில்லை.

குற்றவாளி நீர்க்கஞ்சிதான். 250 மில்லி டம்ளரில் அரிசி 20 கிராம், அதாவது ஒரு கைப்பிடியில் பாதி. மீதி தண்ணீர். ஒரு மில்லிக்கு 0.28 கலோரி. இதை மட்டும் வைத்து 1,650 கலோரியை எட்ட வேண்டுமானால் ஒரு நாளைக்கு 24 டம்ளர், கிட்டத்தட்ட 6 லிட்டர் குடிக்க வேண்டும். நல்ல தொண்டையாலும் அது ஆகாது.

‘இன்னும் ரெண்டே மடக்குங்க’ என்று மனைவி கெஞ்சுவார். ‘போதும், வச்சிரு’ என்பார் அவர். அந்த இரண்டு மடக்கு 60 மில்லி இருக்குமா? நீர்க்கஞ்சியில் 17 கலோரி. பத்து நிமிடக் கெஞ்சலுக்கும் ஒரு நாள் கோபத்துக்கும் கிடைத்தது அவ்வளவுதான். சண்டை மடக்கைப் பற்றி நடக்கிறது. மடக்குக்குள் என்ன இருக்கிறது என்பதை யாரும் பார்க்கவில்லை.

பற்றாக்குறை கிலோவாக மாறுவது

1,650இல் 595 போனால் நாளுக்கு 1,055 கலோரி பற்று. உடம்புக் கொழுப்பில் ஒரு கிலோவுக்குச் சுமார் 7,700 கலோரி என்பது பொதுக் கணக்கு.

2, 3ஆவது வாரம், பாதிப் பற்றாக்குறை (நாளுக்கு 500): 14 நாள், 7,000 கலோரி
4 முதல் 7ஆவது வாரம்: 28 நாள், 29,540 கலோரி
முடிந்த பிறகு 2 வாரம்: 14 நாள், 14,770 கலோரி

மொத்தம் 51,310. வகுத்தால் 6.7 கிலோ. 55இல் இது 12 சதவீதம். ஒரு மாதத்தில் 5 சதவீதம், ஆறு மாதத்தில் 10 சதவீதம் என்ற இரண்டில் ஒன்றைத் தாண்டினாலே கடுமையான எடை இழப்பு என்பது நெடுங்காலமாக மருத்துவர்கள் கையாளும் அளவுகோல். நம் ஆளுக்கு அந்தக் கோடுகள் 2.75 கிலோவும் 5.5 கிலோவும். இரண்டையும் ஒன்பது வாரத்துக்குள் தாண்டிவிட்டார்.

இந்தக் கணக்கிலும் ஒரு சலுகை ஒளிந்திருக்கிறது. போவதெல்லாம் கொழுப்பு என்று வைத்துக்கொண்டோம். தசை அப்படியல்ல. அதில் முக்கால் பங்கு தண்ணீர். ஒரு கிலோ தசை கரைந்தால் தேறுவது ஆயிரம் கலோரி சுமார்தான். அதே பற்றை அடைக்கத் தசையிலிருந்து எடுத்தால் பல மடங்கு எடை இறங்கும். புரதம் கால் பங்கு மட்டும் போகும் உடம்பு தசையைத்தான் முதலில் அடகு வைக்கும். மாடிப்படியில் கால் நடுங்குவது அந்த அடகுச் சீட்டு. குண்டாக இருப்பவர் இளைத்தால் ‘நல்லதுதானே’ என்று விடுவதும் இதனால் தவறு; வெளியே கொழுப்பு தெரிய, உள்ளே தசை போய்க்கொண்டிருக்கும்.

கிலோ போனால் கிரேயும் போகும்

சாப்பாடு தனி, சிகிச்சை தனி என்று நினைப்பதுதான் இந்தக் கதையில் எல்லாவற்றையும்விடச் செலவு வைக்கும் நினைப்பு. மூன்று இடத்தில் அவை முட்டிக்கொள்கின்றன.

முதல் இடம், முகமூடி. தலை அசையாமல் இருக்க, வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் அழுத்தி அச்சு எடுப்பார்கள். கதிர் திட்டமிட்ட இடத்திலிருந்து விலக அனுமதி 3 முதல் 5 மில்லி மீட்டர்தான். கன்னம் ஒட்டினால் வலைக்குள் முகம் ஆடும். உள்ளே இருப்பதும் நகரும்: அமெரிக்காவின் ஹூஸ்டனில் 14 நோயாளிகளைச் சிகிச்சைக் காலம் முழுக்க ஸ்கேன் செய்த 2004ஆம் ஆண்டு ஆய்வில், காதோர உமிழ்நீர்ச் சுரப்பி சுமார் 3.1 மில்லி மீட்டர் உள்பக்கம் நகர்ந்திருந்தது. எடை குறையக் குறைய அந்த நகர்வும் கூடியது. ஒதுக்கி வைத்த சுரப்பி கதிரின் பாதைக்கே வந்து நிற்கிறது. அப்புறம் மறுபடி அச்சு, மறுபடி ஸ்கேன், மறுபடி திட்டம்.

இரண்டாவது இடம், இடைவெளி. தெம்பு இல்லாமல் ஒரு நாள், வாந்தி மயக்கத்தில் இரண்டு நாள் என்று கரண்ட் விட்டுப்போகும். சுமார் நான்கு வாரத்துக்குப் பிறகு, பிழைத்திருக்கும் புற்றுச் செல்கள் வேகமாகப் பெருக ஆரம்பிக்கின்றன என்று விதர்ஸ் என்ற ஆய்வாளரின் குழு 1988இல் காட்டியது. அதன்பின் தாமதமாகும் ஒவ்வொரு நாளையும் ஈடுகட்ட 0.6 கிரே கூடுதலாகத் தேவை. ஒரு நாள் தருவதே 2 கிரே. மூன்று நாள் விட்டால் 1.8 கிரே, ஏறக்குறைய ஒரு முழுக் கரண்ட், காற்றில் போகிறது. தலை, கழுத்துப் புற்றில் ஒரு நாள் தாமதத்துக்கு நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஒரு சதவீதம் அல்லது அதற்குச் சற்று மேல் குறைகிறது என்பது மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட மதிப்பீடு.

மூன்றாவது, ஆயுள். 1980இல் டீவிஸ் என்ற ஆய்வாளரின் குழு 3,047 நோயாளிகளை ஆராய்ந்தது. அது கீமோதெரபி பற்றிய ஆய்வு. ஆனாலும் சொன்ன செய்தி பொது. சிகிச்சைக்கு முன்பே எடை இழந்து வந்தவர்கள், இழக்காதவர்களைவிடக் குறைந்த காலமே வாழ்ந்தார்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முற்றிய புற்று உடம்பையே உருக்கும் நிலை ஒன்று உண்டு. அதை எவ்வளவு ஊட்டினாலும் சாப்பாட்டால் மட்டும் முழுதாகத் திருப்ப முடியாது. ஆனால் கதிர் வைக்கும் ஏழு வாரத்தில் இறங்கும் எடையில் பெரும்பங்கு வாய் மூடியதால் வருவது. வாய் மூடியதால் வந்த நட்டத்தைச் சமையலறையில் ஈடுகட்ட முடியும்.

அதே டம்ளர், வேறு கணக்கு

தொண்டை தாங்கும் அளவு மாறாது. 250 மில்லி என்றால் 250தான். மாற்றக் கூடியது அடர்த்தி.

கேழ்வரகு அல்லது அரிசி மாவு 20 கிராம் — 70 கலோரி, புரதம் 1.5 கிராம்
பொட்டுக்கடலை மாவு 15 கிராம் — 55 கலோரி, 3.3 கிராம்
கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 20 கிராம் — 72 கலோரி, 7 கிராம்
எண்ணெய் அல்லது நெய் 10 கிராம் — 90 கலோரி
சர்க்கரை 10 கிராம் — 40 கலோரி

மொத்தம் 327 கலோரி, புரதம் 12 கிராமுக்குச் சற்றுக் குறைவு. நீர்க்கஞ்சியைப்போல நாலரை மடங்குக்கு மேல் கலோரி; புரதம் ஏழெட்டு மடங்கு. இப்போது அந்த இரண்டு மடக்கில் 78 கலோரி இருக்கிறது. கெஞ்சினாலும் பிரயோஜனம் உண்டு.

மாவு கூடினால் களியாகிவிடாதா என்று கேட்கலாம். அதற்கு நம் பாட்டிமார் வழி ஒன்று இருக்கிறது: கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து அரைப்பது. முளைக்கும் தானியத்தில் மாவுச்சத்தை அறுக்கும் நொதி சுரக்கிறது. அதனால் அந்த மாவில் காய்ச்சிய கஞ்சி நீர்க்க நிற்கும். அதே தளர்வில் மாவு கூடப் போடலாம். குழந்தைக்குக் கொடுக்கும் கஞ்சிக்குச் செய்த வேலைதான் இது.

இந்தக் கஞ்சி 5 டம்ளர், முழுக்க வெந்த முட்டை 2 (மிக்ஸியில் கஞ்சியோடு அடித்தது) என்று வைத்தால் நாளுக்கு 1,775 கலோரி, புரதம் 71 கிராம். தேவையைவிட 125 கலோரி கூட இருக்கிறது. டம்ளரின் அடியில் மிச்சம் வைப்பதற்கும் ஒரு மடக்கு கக்குவதற்கும் அது போய்விடும். பச்சை முட்டை மட்டும் வேண்டாம். எதிர்ப்பு சக்தி இறங்கியிருக்கும் நேரம். இனிப்பு குமட்டினால் சர்க்கரையை விட்டு உப்புக் கஞ்சியாக்கலாம். புளிப்பு புண்ணில் எரியும். சர்க்கரை நோயும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டே மாற்ற வேண்டும். குடிக்கும்போது அடிக்கடி புரை ஏறினால் கஞ்சி மூச்சுக் குழாய்க்குள் போகிறது என்று பொருள். அன்றே சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு சிறு கணக்கு, நேரம். மருத்துவர் எழுதிய வலி மருந்தைச் சாப்பாட்டுக்குப் பின் போடுவது நம் பழக்கம். வாய்ப்புண்ணுக்கான வலி மருந்து சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போக வேண்டும். அது முன்னால் போடத்தக்க மருந்துதானா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வலி அடங்கிய அந்த அரை மணியில்தான் முழு டம்ளரும் இறங்கும்.

கடைச் சத்துப் பானமா, வீட்டுச் சாப்பாடா? போர்ச்சுகலின் லிஸ்பனில் ரவாஸ்கோ குழு 2005இல் இதைச் சோதித்தது. தலை, கழுத்துப் புற்றுக்குக் கதிர் பெற்ற 75 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு, அவரவர் வழக்கமான உணவையே வைத்து உணவியல் நிபுணர் வாராவாரம் வழிகாட்டினார். இரண்டாம் பிரிவுக்கு நாளுக்கு இரண்டு சத்துப் பானம். மூன்றாம் பிரிவு தன் விருப்பப்படி. சிகிச்சை முடியும்போது முதல் இரண்டு பிரிவிலும் சாப்பாட்டின் அளவு கூடியிருந்தது, மூன்றாவதில் குறைந்திருந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது நிலைத்து நின்றது முதல் பிரிவு மட்டும்தான்.

ரூபாய்க் கணக்கு

விலை ஊருக்கு ஊர் மாறும். உங்கள் கடை விலையைப் போட்டுப் பாருங்கள். நான் போட்டது: மாவு கிலோ ரூ.60, பொட்டுக்கடலை ரூ.120, பால் பவுடர் ரூ.450, எண்ணெய் ரூ.250, சர்க்கரை ரூ.45, முட்டை ரூ.6.50.

ஒரு டம்ளர் அடர் கஞ்சி ரூ.15. ஐந்து டம்ளரும் இரண்டு முட்டையும் சேர்த்து நாளுக்கு ரூ.88.

ஒரு இளநீர் ரூ.50 என்றால் கிடைப்பது 45 கலோரி. அதே 50 ரூபாய்க்கு 200 கிராம் எண்ணெய், 1,800 கலோரி. மாதுளை கிலோ ரூ.200 என்றால், தோல் போக 100 கிராம் முத்துக்கு ரூ.40, 83 கலோரி. இளநீரும் மாதுளையும் கெடுதல் இல்லை. பார்க்க வருபவர்கள் வாங்கி வருவதும் அவற்றைத்தான். ஆனால் நாலு மடக்கே இறங்கும் தொண்டையில் அவை இடத்தை அடைத்துக்கொள்கின்றன.

புரதத்துக்கும் ஒரு விலைப்பட்டியல் போடலாம். ஒரு கிராம் புரதம் பொட்டுக்கடலையில் 55 காசு, முட்டையில் ரூ.1.08, பால் பவுடரில் ரூ.1.29. மருந்துக்கடை டின்னின் முதுகைத் திருப்பி நீங்களே வகுத்துக்கொள்ளலாம்: 400 கிராம் டின் ரூ.600, நூறு கிராமுக்கு 25 கிராம் புரதம் எனில் ஒரு கிராம் ரூ.6. அடுப்பில்லாத லாட்ஜ் அறையில் தங்கியிருப்பவருக்கு அந்த டின் கைகொடுக்கும். அடுப்பும் மிக்ஸியும் உள்ள வீட்டில் ‘டின் வாங்க வசதியில்லையே’ என்று கலங்க வேண்டியதில்லை.

மற்ற செலவுகளில் சிலவற்றைத் தாங்க ஆள் இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. சிகிச்சைக்காகப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் படுக்கை வகுப்பில் கட்டணம் கிடையாது. உடன் போகும் ஒருவருக்கு 75 சதவீதச் சலுகை. கூலிக்கு மட்டும் ஈடு இல்லை. ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2024-25இல் தமிழ்நாட்டு நாட்கூலி ரூ.319 ஆக இருந்தது; அந்தக் கணக்கில் நோயாளியும் துணைக்கு வருபவருமாக இருவர் 35 நாளில் இழப்பது ரூ.22,330. அந்தத் துளையில் முதலில் சுருங்குவது சாப்பாட்டுக் காசு. ரூ.88 எந்தக் காப்பீட்டுத் தொகுப்பிலும் இல்லை.

பத்தியம் என்ற பெயரில்

‘சர்க்கரை கேன்சரை வளர்க்கும்’ என்று யாரோ சொல்ல, சர்க்கரை, பால், அரிசி மூன்றையும் நிறுத்தும் வீடுகள் உண்டு. புற்றுச் செல் சர்க்கரையை அதிகம் இழுக்கும் என்பது உண்மை. விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920களில் கண்டது அது. ஆனால் ரத்தத்தில் எந்த நேரமும் ஓடுவது சுமார் 5 கிராம் சர்க்கரை, ஒரு தேக்கரண்டி. மூளைக்குத் தேவை என்பதால் உடம்பு அந்த அளவை விட்டுக்கொடுக்காது. தட்டில் நிறுத்தினால் தசையை உடைத்துச் செய்துகொள்ளும். புற்று பட்டினி கிடக்காது, தொடை மெலியும். பத்தியத்தால் நாளுக்கு 300 கலோரி குறைந்தால் ஏழு வாரத்தில் 14,700. இரண்டு கிலோ சும்மா போகும்.

மூக்குக் குழாய்க்கு ஒரு கோடு

‘டியூப் போட்டா கடைசின்னு அர்த்தமா?’ என்ற கேள்வியை வார்டில் அடிக்கடி கேட்கலாம். அதற்கும் ஒரு எண் இருக்கிறது. தேவையில் 60 சதவீதத்துக்குக் கீழ் ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் வாய் வழி போதவில்லை என்று ஐரோப்பிய வழிகாட்டி சொல்கிறது. நம் ஆளுக்கு அந்தக் கோடு 990 கலோரி. 595இல் இருப்பவர் கோட்டுக்கு வெகு கீழே. குழாய் அவருக்கு நாலைந்து வாரத்துக்கான மாற்றுப் பாதை. புண் ஆறியதும் எடுத்துவிடலாம்.

வேளைக்கு 200 மில்லி, நாளுக்கு 8 வேளை என்றால் 1,600 மில்லி. இங்கேயும் நீர்க்கஞ்சியை ஊற்றினால் 450 கலோரிதான் போகும். குழாய் போட்டும் இளைப்பவர்களின் ரகசியம் இது. அடர் கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டி, தலையை உயர்த்தி உட்காரவைத்து, மெதுவாக விட வேண்டும். முடிந்ததும் வெதுவெதுப்பான நீர் விட்டுக் கழுவ வேண்டும். காய்ச்சியதை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது. ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய பட்டினியாகக் கிடந்தவருக்கு ஒரேயடியாக முழு அளவு கொடுப்பது ஆபத்து. முதல் இரண்டு நாள் பாதித் தேவைக்கு மேல் போகாமல், ரத்தத்தில் உப்புகளின் அளவைப் பார்த்துக்கொண்டே ஏற்ற வேண்டும். குழாய் இருந்தாலும், புரை ஏறாதவரை, வாய் வழியாகவும் சிறிது விழுங்கிக்கொண்டே இருப்பது நல்லது. விழுங்கும் தசை பழக்கம் விட்டால் திரும்பி வர மாதங்கள் ஆகும்.

எழுதி வைக்க ஒரு நோட்டு

ஒவ்வொரு கரண்டும் முடிந்தவுடன் மெஷின் அறை ஊழியர் அன்றைய கிரேயைப் பதிவு செய்துவிடுவார். 35 நாளில் 35 பதிவு, ஒன்றுகூடத் தவறாது. டம்ளருக்கு அப்படி ஓர் ஊழியர் இல்லை. வீட்டில் ஒருவர்தான் அதை எழுத வேண்டும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையாக இருந்தாலும் சரி. முதல் கரண்டுக்கு முன்பே எடை. அதன்பின் வாரம் ஒருமுறை, அதே மெஷினில், அதே நேரத்தில், செருப்பில்லாமல். தினமும் எத்தனை டம்ளர் இறங்கியது, எது மிச்சம். ஒரு கிலோ குறைந்ததுமே மருத்துவரிடம் நோட்டைக் காட்டலாம். மூன்று கிலோ குறையும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஏழு வாரச் சிகிச்சைக்கும், அதன்பின் இரண்டு வாரப் புண்ணுக்கும், ஆக 63 நாளுக்கு, 315 டம்ளர் கஞ்சிக்கான மளிகைச் சீட்டு இது:

முளைகட்டிய கேழ்வரகு மாவு 6.3 கிலோ — ரூ.378
பொட்டுக்கடலை 4.7 கிலோ — ரூ.567
பால் பவுடர் 6.3 கிலோ — ரூ.2,835
எண்ணெய் 3.15 கிலோ — ரூ.788
சர்க்கரை 3.15 கிலோ — ரூ.142
முட்டை 126 — ரூ.819
மொத்தம் ரூ.5,529
40 பக்க நோட்டு ஒன்று, பேனா ஒன்று — தனி